கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கணினிப் பேராசிரியர்: வழியும் வகையும்

உத்தமபாளையத்திலும் போடியிலும் தேனியிலும் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளிடம் "படிப்பு முடிஞ்சதும் என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, ஐ.டி. கம்பெனி என்றுதான் பதில் வரும். நல்ல வேலைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே பட்டத்துக்கு இன்னொரு பாதையும் இருக்கிறது. நம் ஊரில் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியர் ஆவதுதான் அது.

"வாத்தியார் வேலைக்கா இத்தனை வருசம் படிக்கணும்?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். பேராசிரியரின் வேலையில் பாடம் நடத்துவது ஒரு பங்கு. இதுவரை யாரும் விடை காணாத கேள்வியை எடுத்து விடை தேடுவது இன்னொரு பங்கு. அப்படித் தேடத் தெரிந்த அடுத்த தலைமுறையை உருவாக்குவது மூன்றாவது பங்கு. இந்த மூன்றையும் சேர்த்துச் செய்பவரே பேராசிரியர்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: தகுதித் தேர்வு உங்களுக்கு ஆசிரியர் வேலை வாங்கித் தரும், பேராசிரியர் என்ற பெயரை வாங்கித் தருவது நீங்கள் எடுக்கும் கேள்வி. அந்தக் கேள்வியைத் தேடி ஊரை விட்டு ஓட வேண்டியதில்லை.

தாம்பரத்தில் ஒரு முன்னோடி

இதற்கு நல்ல சான்று ராணி சிரோமணி. 1929-இல் பிறந்து 2019-இல் மறைந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். ஐ.ஐ.டி.யோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ இல்லாமல், தாம்பரத்திலுள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இருந்தபடியே கோட்பாட்டுக் கணினி அறிவியலில் உலகம் அறிந்த பெயரானார்.

மொழிகளின் இலக்கணத்தைக் கணித விதிகளாக எழுதும் துறை 1950-களில் நோம் சோம்ஸ்கியிடமிருந்து புறப்பட்டது. ஒரு குறியீட்டை எடு, விதிப்படி அதற்குப் பதில் வேறு குறியீடுகளை வை, மறுபடியும் வை. கடைசியில் ஒரு வாக்கியம் கிடைக்கும். கணினி மொழிகளின் கம்பைலர்களுக்கு அடிப்படை இதுவே. அந்த விதிகள் பெரும்பாலும் ஒரே வரியில் ஓடும் எழுத்துச் சரத்துக்கானவை. படத்துக்கு இலக்கணம் எழுத முடியுமா என்று கேட்டார்கள் ராணி சிரோமணி, அவருடைய கணவர் கிஃப்ட் சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும்.

அவர்கள் கண்ட வழி எளிமையானது. முதலில் கிடைமட்டமாக ஒரு வரிக் குறியீடுகளை உருவாக்கு. பிறகு அந்த வரியிலுள்ள ஒவ்வொரு குறியீடும் ஒரே நேரத்தில் கீழ்நோக்கி ஒரு நெடுவரிசையாக வளரட்டும். முடிவில் ஒரு செவ்வகப் படம் கிடைக்கும். இது குறித்து 1972-இலும் 1973-இலும் சர்வதேச ஆய்விதழ்களில் கட்டுரைகள் வந்தன. இன்றும் அந்த முறையை ஆய்வாளர்கள் 'சிரோமணி மேட்ரிக்ஸ் இலக்கணம்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள்.

1974-இல் வந்த கட்டுரை கோலத்தைப் பற்றியது. நம் வார இதழ்களில் கோலத்துக்குக் கீழே "13 புள்ளி, 7 வரை இடுக்குப் புள்ளி" என்று ஒரு வரி போட்டிருக்கும். அந்த ஒரு வரியை வைத்துப் புள்ளிகள் முழுவதையும் சரியாக வைத்துவிடுவார்கள் பெண்கள். சின்ன விதியிலிருந்து பெரிய வடிவம் பிறப்பதை மார்கழிதோறும் வாசலில் பார்க்கிறோம். அந்த மூவரும் அதைக் கணிதமாகப் பார்த்தார்கள். அடுத்த கட்டமாக, ஒரே கோட்டில் சுற்றிவந்து முடியும் கம்பிக் கோலத்துக்கும் இலக்கணம் எழுதப்பட்டது.

இந்த வாழ்க்கையிலிருந்து மூன்று பாடங்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, கேள்வி வாசலிலிருந்து வரலாம். கருவி உலகத்தரத்தில் இருக்க வேண்டும். கோலம் அழகானது என்று சொல்வதோடு நின்றிருந்தால் அது ஆராய்ச்சி ஆகியிருக்காது.

இரண்டாவது, ஆராய்ச்சிக்குக் கூட்டாளி வேண்டும். கிஃப்ட் சிரோமணி புள்ளியியல்காரர். தமிழ் பிராமி எழுத்திலும் ஈடுபாடு கொண்டவர். அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காண்பது பற்றி 1978-இலேயே கட்டுரை வெளியிட்டவர்களில் ஒருவர். வேறு வேறு அறிவுள்ளவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்ததால்தான் இந்த வேலை நடந்தது.

மூன்றாவது, ஒரே இடத்தில் தேங்கக் கூடாது. ராணி சிரோமணி பிறகு ரகசியக் குறியீட்டியலுக்குப் போனார். 1990-இல் லிண்டன் சொற்களை வைத்து ஒரு பொதுத் திறவுகோல் முறையைச் சக ஆய்வாளருடன் முன்வைத்தார். அதன் பின் டி.என்.ஏ. கணிப்பிலும் இறங்கினார். ஓய்வுக்குப் பிறகு சென்னைக் கணிதவியல் நிறுவனத்துடன் இணைந்து வேலையைத் தொடர்ந்தார்.

கமலா கிருதிவாசன் பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யின் கணினி அறிவியல் துறையில் பேராசிரியரானார். ஆட்டோமேட்டா கோட்பாடு பற்றிய அவருடைய வகுப்புகள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோலத்துக்கு இலக்கணம் எழுதியவரிடமே கூடலூரில் உட்கார்ந்தபடி பாடம் கேட்கலாம். இந்த வசதி முந்தைய தலைமுறைக்குக் கிடைக்கவில்லை.

உள்ளே போக மூன்று வாசல்கள்

இனி நடைமுறைக்கு வருவோம். நீங்கள் எந்தப் பட்டம் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வாசல் மாறும்.

*பி.எஸ்சி., எம்.எஸ்சி., எம்.சி.ஏ. படிப்பவர்கள்:* கலை அறிவியல் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் உங்கள் வாசல். முதுகலையில் 55 சதவீதம், அதோடு யு.ஜி.சி. நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட். 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் தேர்ச்சியைக் குறைந்தபட்சத் தகுதியாக யு.ஜி.சி. வைத்திருக்கிறது. அரசுக் கல்லூரிப் பணியிடங்களை ஆசிரியர் தேர்வு வாரியம் நிரப்புகிறது.

நெட் தேர்வில் இரண்டு தாள்கள். முதல் தாளில் 50 கேள்வி, 100 மதிப்பெண். கற்பித்தல் திறன், தருக்கம், பொது அறிவு. இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். முழுக்க உங்கள் பாடம். மொத்தம் 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விடாதீர்கள். பலரும் முதல் தாளை அலட்சியம் செய்து கோட்டை விடுகிறார்கள். இரண்டு தாள் மதிப்பெண்ணையும் கூட்டித்தான் தரவரிசை வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

*பி.இ., எம்.இ. படிப்பவர்கள்:* பொறியியல் கல்லூரிகள் உங்கள் வாசல். ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி பி.இ., எம்.இ. இரண்டும் உரிய பாடத்தில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பு வேண்டும். இதற்கு நெட் தேவையில்லை. நம் மாவட்டத்தில் 2012-இல் தொடங்கிய போடி அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களுக்கும் ஆசிரியர் தேர்வு வாரியமே ஆளெடுக்கிறது.

*நேராக ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறவர்கள்:* கேட் தேர்வு எழுதுங்கள். மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே எழுதலாம். கேட் மூலம் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி வழி எம்.எஸ். என்ற படிப்பும் இருக்கிறது. பிஎச்.டி. செய்ய மனம் இருந்து, நமக்கு ஒத்துவருமா என்று தயங்குகிறவர்களுக்கு அது பொருத்தமான முதல் படி. கணிதத்தில் ஆர்வம் அதிகம் என்றால் சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தையும் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தையும் விட்டுவிடாதீர்கள். இரண்டிலும் கோட்பாட்டுக் கணினி அறிவியல் வலுவாக இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு வேறு பாடம் எடுத்துவிட்டவர்களும் சோர்ந்துபோக வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பி.எஸ். பட்டப் படிப்பை இணையவழியில் படிக்கலாம். ஜே.இ.இ. தேவையில்லை, தேர்வை மட்டும் மையத்துக்குப் போய் எழுத வேண்டும்.

பிஎச்.டி.: பணம், காலம், நெறியாளர்

"அஞ்சு வருசம் சம்பாதிக்காம இருக்க முடியுமா சார்?" என்பதுதான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. கூலி வேலைக்குப் போகும் வீட்டிலிருந்து, ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இது வாழ்வா சாவா கேள்வி.

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. ஐ.ஐ.டி.களிலும் முழுநேர ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை இதே அளவில்தான். ஆகவே பிஎச்.டி.யைச் 'சம்பாத்தியம் இல்லாத காலம்' என்று கணக்குப் போடாதீர்கள். உதவித்தொகையோடு சேர்வதற்காக இன்னும் ஒருமுறை தேர்வு எழுதுவது, உதவித்தொகை இல்லாமல் உடனே சேர்வதைவிடப் பெரும்பாலும் நல்ல முடிவு. ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30; பெண்களுக்கும் இதர பிற்படுத்தப்பட்ட, பட்டியல், பழங்குடி வகுப்பினருக்கும் 5 ஆண்டுத் தளர்வு உண்டு.

2024-லிருந்து நெட் மதிப்பெண்ணையே பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம். ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களுக்கு 70 சதவீதம் நெட், 30 சதவீதம் நேர்காணல் என்ற கணக்கு. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் சேர்க்கைக்கு மட்டும் பயன்படும் மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும்.

யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அதற்கு மேல் நீட்டிப்பு உண்டு. பெண்களுக்குக் கூடுதல் காலம் தரப்படும். ஆய்வுக் காலத்தில் பெண்கள் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு எடுக்கலாம். கல்யாணம் ஆனால் படிப்பு நின்றுவிடும் என்று பயந்து விண்ணப்பிக்காமல் இருக்கும் பெண்கள் இந்த விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நெறியாளர். எந்தப் பல்கலைக்கழகம் என்று பார்ப்பதற்கு முன்னால் யாரிடம் என்று பாருங்கள். சேர்வதற்கு முன் நான்கு விஷயங்களை விசாரியுங்கள்:

1. கடந்த 3 ஆண்டுகளில் அவர் என்ன எழுதியிருக்கிறார்? டி.பி.எல்.பி., கூகுள் ஸ்காலர் தளங்களில் பெயரைப் போட்டுப் பாருங்கள்.
2. அவரிடம் இப்போது எத்தனை பேர் ஆய்வு செய்கிறார்கள்? ஒரே நேரத்தில் பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 என்பது யு.ஜி.சி. வரம்பு.
3. அவரிடம் முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்?
4. தற்போதைய மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். "வாரத்துக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசுவாரா?" என்ற ஒரு கேள்வியே போதும்.

திராட்சைப் பந்தலுக்குள் ஓர் ஆய்வுக் கேள்வி

இனி கேள்வியைத் தேடுவோம். நம் பக்கத்துக் கல்லூரிகளில் திட்டப்பணிக்குத் தலைப்புக் கேட்டால் 'இலை நோயைப் படத்திலிருந்து கண்டுபிடித்தல்' என்பது உடனே வந்து விழும். இணையத்தில் 'பிளாண்ட்வில்லேஜ்' என்ற படத்தொகுப்பு கிடைக்கிறது. 14 பயிர்கள், 54,306 படங்கள். அதை இறக்கி, ஒரு நரம்பணு வலையமைப்பைப் பழக்கி, 99 சதவீதம் துல்லியம் என்று அறிக்கை எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆராய்ச்சி உண்மையில் அந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும்.

அந்தத் தொகுப்பை வைத்து 2016-இல் மொஹந்தி, ஹ்யூஸ், சலாத்தே ஆகிய மூவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் 99.35 சதவீதம் துல்லியம் வந்தது. அதே கட்டுரையில் இன்னொரு எண்ணையும் நேர்மையாகப் போட்டிருக்கிறார்கள். வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது துல்லியம் சுமார் 31 சதவீதத்துக்கு விழுந்துவிட்டது. காரணம், தொகுப்பிலுள்ள இலைகள் பறித்து, ஒரே மாதிரிப் பின்னணியில் வைத்துப் படமெடுக்கப்பட்டவை. பின்னாளில் ஒருவர் இலையையே பார்க்காமல், பின்னணியிலிருந்து வெறும் 8 படப்புள்ளிகளை மட்டும் எடுத்துக் கணினிக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் 49 சதவீதம் சரியான விடை வந்தது. கணினி நோயைப் படிக்காமல் பின்னணியைப் படித்திருக்கிறது என்று வெட்டவெளிச்சமானது.

இப்போது கம்பத்துக்கு வாருங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் தோட்டத்துக்குள் போங்கள். பிளாண்ட்வில்லேஜில் திராட்சைக்கு நான்கே வகைகள்: கறுப்பு அழுகல், எஸ்கா, இலைக்கருகல், நலமான இலை. நம் விவசாயியைத் தூங்கவிடாத அடிச்சாம்பல் நோய் அதில் இல்லை. சாம்பல் நோயும் இல்லை. ஊரில் இருக்கும் நோயை அறியாத மென்பொருளைத்தான் 99 சதவீதம் என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். அடிச்சாம்பல் வந்தால் இலையின் மேல்பக்கம் எண்ணெய் பட்டதுபோல மஞ்சள் திட்டு தெரியும். வெள்ளைப் பூசணம் படர்வது அடிப்பக்கத்தில். இங்கே கொடி பந்தலில் படர்கிறது. பந்தலுக்குக் கீழே நிற்கும் ஆள் முதலில் பார்ப்பதே இலையின் அடிப்பக்கத்தைத்தான். அண்ணாந்து போனைப் பிடித்தால் வானத்து வெளிச்சம் கண்ணைக் கூசும். இலை கறுத்துத் தெரியும். போன வாரம் அடித்த மருந்தின் வெள்ளைக் கறை வேறு. "ஏப்பா, அது நோவு இல்ல, மருந்துக் கறை" என்று தோட்டக்காரர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். கணினிக்கு அது தெரியாது. எதிர்வெளிச்சம், அடிப்பக்கம், மருந்துக் கறை ஆகிய மூன்றையும் சமாளிக்கும் முறையைக் கண்டுபிடித்தால் அதுவே நல்ல ஆய்வு. பந்தல் முறையில் திராட்சை வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் அது உதவும்.

இதைச் செய்யும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். பல தோட்டங்களில் படமெடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தேதி, தோட்டம், கவாத்து செய்து எத்தனை நாள், கடைசியாக மருந்து அடித்தது எப்போது, எந்தப் போன் என்று குறித்து வையுங்கள். நோயின் பெயரை நீங்களே வைக்காதீர்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்திலோ இரண்டு வல்லுநர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறார்கள் என்று கணக்கிடுங்கள். சோதனைக்கு ஒதுக்கும் படங்கள், பழக்கும்போது பயன்படுத்தாத தோட்டங்களிலிருந்து வர வேண்டும். ஒரே தோட்டத்துப் படங்களை இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு வரும் துல்லியத்தை நம்பாதீர்கள். 80 சதவீதம்தான் வந்தாலும் இப்படி வந்த 80 மதிப்புள்ளது.

திராட்சை ஒன்றோடு முடியவில்லை. போடியில் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது. எந்தக் குவியலை எந்த வரிசையில் விட்டால் விலை எப்படிப் போகும் என்பது ஏலக் கோட்பாட்டுக் கேள்வி. அந்தத் துறைக்காக மில்கிராம், வில்சன் இருவருக்கும் 2020-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. முல்லைப்பெரியாறு தண்ணீரை நம்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நடக்கிறது. மழை, அணை மட்டம், வாய்க்கால் கடைமடை ஆகியவற்றை இணைக்கும் முன்கணிப்பு இன்னொரு கேள்வி. மலையில் பளியரும் முதுவரும் பேசும் பேச்சைக் கணினிக்குக் கற்றுத்தருவது, அவர்களுடைய சம்மதத்தோடும் பங்கோடும் செய்ய வேண்டிய வேறொரு கேள்வி. தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதும் இணையப் பேச்சை ஆராய 2020-லிருந்து பாரதி ராஜா சக்கரவர்த்தியும் கூட்டாளிகளும் தொகுத்த தரவுகள் பொதுவெளியில் இருக்கின்றன. தமிழும் மலையாளமும் கலக்கும் குமுளிப் பக்கத்துப் பேச்சுக்கு அப்படியொரு தொகுப்பை உருவாக்க உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

"எங்க காலேஜ்ல நல்ல கம்ப்யூட்டரே இல்ல" என்பவர்களுக்கும் வழி உண்டு. கூகுள் கோலாபிலும் கேகிளிலும் இலவசமாகக் கணிப்புத் திறன் கிடைக்கிறது. கோட்பாட்டுக்குப் பேப்பரும் பேனாவும் போதும். ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாகச் சோதிக்கும் வழியை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா கண்டுபிடித்தார்கள். பின்னவர் இருவரும் அப்போதுதான் இளநிலைப் பட்டம் முடித்திருந்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த அந்த முடிவுக்கு அதிநவீனக் கணினி எதுவும் தேவைப்படவில்லை.

கட்டுரை வெளியிடும்போது கவனம்

"15 நாளில் ஸ்கோபஸ் பப்ளிகேஷன், கட்டணம் இவ்வளவு" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை அந்த நிமிஷமே அழித்துவிடுங்கள். 2023-இல் மட்டும் உலகம் முழுவதும் 10,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பெரும்பாலானவை ஹிண்டாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. திரும்பப் பெற்ற கட்டுரை உங்கள் பெயரோடு காலம் முழுக்க இணையத்தில் நிற்கும்.

கணினி அறிவியலில் பல உட்பிரிவுகளில் ஆய்விதழைவிட மாநாட்டுக்கு மதிப்பு அதிகம். இது மற்ற துறைப் பேராசிரியர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். உங்கள் பிரிவில் எது மதிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ள, நீங்கள் மதிக்கும் ஐந்து ஆய்வாளர்கள் எங்கே வெளியிடுகிறார்கள் என்று பாருங்கள். எங்கே அனுப்பலாம் என்ற கேள்விக்கு விடை அதில் கிடைக்கும்.

காப்பி அடிப்பதற்கு யு.ஜி.சி.யின் 2018 விதிகள் கடுமையானவை. ஆய்வேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் 40 வரை ஒத்திருந்தால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-லிருந்து 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்கத் தடை. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து.

வேலையில் சேர்ந்த பிறகு

சம்பளத்தை வெளிப்படையாகப் பேசுவோம். ஏழாவது ஊதியக் குழு அடிப்படையிலான யு.ஜி.சி. அளவில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். இணைப் பேராசிரியருக்கு 1,31,400. பேராசிரியருக்கு 1,44,200. இதர படிகள் தனி. பல சுயநிதிக் கல்லூரிகளில் இந்த அளவு கிடைப்பதில்லை என்பதும் உண்மை. சேரும்போது சம்பளம், பாடவேளை, ஆய்வுக்கு விடுப்பு ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். நீங்கள் வேலை பார்க்காத கல்லூரியின் ஆசிரியர் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அப்படிச் சேர்ந்த பெயர்கள் 2024-இல் தமிழ்நாட்டில் வெளியே வந்து, பலரின் பணி வாழ்க்கையைக் கேள்விக்குறியாக்கின.

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு என்பது யு.ஜி.சி. கணக்கு. அதற்கு மேல் தேர்வுத்தாள், அங்கீகாரக் கோப்பு, மாணவர் சேர்க்கை வேலை எல்லாம் வரும். முதல் ஐந்து ஆண்டுகளில் ஆராய்ச்சி கைநழுவிப் போவது இங்கேதான். வாரத்தில் ஒரு அரைநாளை ஆய்வுக்கென்று பூட்டி வையுங்கள். அந்த நேரத்தில் எந்தக் கோப்பையும் திறக்காதீர்கள். நடத்தும் பாடத்தையே ஆய்வோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மெஷின் லேர்னிங் பாடம் எடுக்கிறீர்களா? மாணவர்களின் பயிற்சிக்குத் திராட்சைப் படங்களைக் கொடுங்கள். மூன்றாண்டில் உங்களிடம் வேறு யாரிடமும் இல்லாத தரவு சேர்ந்திருக்கும்.

பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவிக்கு யு.ஜி.சி. கேட்பது பிஎச்.டி., 10 ஆண்டு அனுபவம், குறைந்தது 10 ஆய்வுக் கட்டுரைகள், ஒரு மாணவரையாவது பிஎச்.டி.க்கு வழிநடத்திய சான்று. ஆண்டுக்கு ஒரே ஒரு நல்ல கட்டுரை எழுதினாலும் பத்தாண்டில் அந்தக் கட்டுரை எண்ணிக்கையை எட்டிவிடலாம். ஆண்டுக்குப் பத்து என்று அள்ளிப் போடுபவர்களைப் பார்த்து ஏங்காதீர்கள்.

இந்த ஆண்டே செய்ய வேண்டியவை

*இரண்டாம் ஆண்டு மாணவர்:* தனிக்கணிதம், தரவுக் கட்டமைப்பு, நிகழ்தகவு மூன்றையும் அழுத்தமாகப் படியுங்கள். என்.பி.டி.இ.எல்.லில் ஒரு பாடத்தை முழுதாக முடியுங்கள். சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் பைதானில் நடத்தும் பாடம் தொடக்கத்துக்கு நல்லது.

*மூன்றாம், நான்காம் ஆண்டு:* ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அதிலுள்ள முடிவை நீங்களே மறுபடி செய்து பாருங்கள். பாதிக் கட்டுரையில் எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று எழுதி வையுங்கள். ஆய்வுக் கேள்வி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். கேட் எழுதுங்கள்.

*முதுகலை மாணவர்:* நெட் தேர்வு பொதுவாக ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. அறிவிக்கை வந்ததும் விதிகளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். வயது வரம்பும் பிரிவும் மாறக்கூடும். ஜே.ஆர்.எஃப்.பைக் குறிவையுங்கள்.

*கல்லூரியில் ஏற்கெனவே பணிபுரியும் ஆசிரியர்:* பகுதிநேர பிஎச்.டி.க்குத் தடையில்லாச் சான்று வாங்குங்கள். மதுரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு போடி, தேனிக்காரர்களுக்கு மதுரைப் பேராசிரியர்களைப் போய்ப் பார்த்து வருவது சுலபமாகிவிட்டது.

*எல்லோருக்கும்:* ஒரு நோட்டில் வாரம் ஒரு கேள்வி எழுதுங்கள். தோட்டத்தில், ஏலச் சந்தையில், பேருந்தில், வகுப்பில் எங்கே தோன்றினாலும் சரி. ஒவ்வொன்றின் கீழும் 'இதற்கு ஏற்கெனவே விடை இருக்கிறதா?' என்று தேடிப் பார்த்துக் குறியுங்கள். ஆண்டு முடிவில் ஐம்பது கேள்வி சேர்ந்தால் அதில் ஒன்றிரண்டு தேறும். பிஎச்.டி. நேர்காணலில் "எதைப் பற்றி ஆராயப் போகிறீர்கள்?" என்று கேட்கும்போது அந்த ஒன்றைச் சொல்லுங்கள். "சார் எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் செய்வேன்" என்று சொல்பவருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் அந்த இடத்திலேயே தேர்வுக்குழுவுக்குத் தெரிந்துவிடும்.